கடலடியில் கம்பி வருமுன் கணக்கை யார் எழுதுவது? மின்சார, எரிவாயு ஒழுங்குமுறை ஆணையங்களின் பன்னாட்டு ஒத்துழைப்பும் நெல்லைச் சீமையும்

வள்ளியூரான் (இழையைத் தொடங்கியவர்), சனிக்கிழமை காலை 6.40

வடக்கன்குளத்துக்குத் தெற்கே நிற்கும் ஒரு காற்றாலையில் எங்கள் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. 1990-களில் அப்பாவும் அவருடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து நிறுத்திய 250 கிலோவாட் இயந்திரம் அது. பக்கத்தில் எழும்பியிருக்கும் புதிய காற்றாலைகளின் இடுப்பளவுக்குக்கூட அது வராது. ஆனாலும் ஆனி பிறந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் இன்றைக்கும் இரவு பகலாகச் சுற்றுகிறது.

கடந்த சீசனில் பல நாட்கள், காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும்போதே உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி இயந்திரத்தை நிறுத்த வைத்தார்கள். கம்பியில் இடமில்லை என்பது ஒரு நாள் சொன்ன காரணம். தேவை குறைந்துவிட்டது என்பது மறுநாள் சொன்ன காரணம். நெல்லைப் போலக் காற்றைப் பத்தாயத்தில் கொட்டி வைக்க முடியாது. நின்றுபோன மணிநேரம் போனதுதான்.

இந்தியாவையும் இலங்கையையும் உயர் அழுத்த நேர்மின் (டி.சி.) கம்பியால் இணைப்பதற்கு 2025 ஏப்ரலில் கொழும்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானதை நீங்களும் படித்திருப்பீர்கள். மதுரையிலிருந்து அநுராதபுரத்துக்கு என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்த திட்டம்தான். கம்பியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் கம்பியில் போகும் யூனிட்டுக்கு விலை சொல்வது யார், அளவெடுப்பது யார், வழக்கு வந்தால் எந்த ஊர் நியாயத்துக்குப் போவது என்று எவரும் பேசக் காணோம். உலகத்தில் பல நாடுகளின் மின்சார, எரிவாயு ஒழுங்குமுறை ஆணையங்கள், அதாவது கட்டணத்தையும் விதிகளையும் தீர்மானிக்கும் அமைப்புகள், தமக்குள் கூட்டமைப்புகள் வைத்திருக்கின்றன என்று அறிகிறேன். அவை ஆண்டுக்கொரு மாநாட்டோடு கலைந்துவிடுகின்றனவா, அல்லது நம்மைப் போன்றவர்களின் கணக்குப் புத்தகம் வரைக்கும் வந்து சேரும்படி ஏதாவது செய்கின்றனவா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.

களக்காடு வாழைத்தோட்டம், சனிக்கிழமை காலை 7.25

அண்ணாச்சி, உங்கள் காற்றாலையைச் சுற்ற வைக்கும் அதே காற்றுதான் எங்கள் வாழையைச் சாய்க்கிறது. அதனால் காற்றைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. எங்கள் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், வந்தால் மோட்டார் ஓடும் அளவுக்கு அழுத்தம் இருக்குமா என்பதையே இங்கிருக்கிறவர்களிடம் கேட்டு வாங்க முடியவில்லை. ஏதோ ஒரு நாட்டில் பத்து ஆணையங்கள் கூடிப் பேசுவதால் களக்காட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு என்ன ஆகப்போகிறது? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பெருமாள்புரம் ஓய்வுப் பொறியாளர், சனிக்கிழமை காலை 10.15

இரண்டு பேர் கேட்டதும் நியாயமான கேள்விகள். மின்கடத்தல் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. பைக்காராவும் மேட்டூரும் அதற்கு முன்பே வந்துவிட்டன. பாபநாசத்து மின்சாரம் மதுரையில் வடக்கத்திக் கம்பிகளோடு இணைந்த பிறகுதான் தாமிரபரணியில் தண்ணீர் குறைந்த மாதங்களில் மேட்டூர் நமக்குக் கைகொடுக்கவும், மழைக்காலத்தில் நாம் அவர்களுக்குக் கொடுக்கவும் முடிந்தது. அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒரே அரசாங்கம். அதனால் கணக்கு ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் கம்பி இழுத்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. 1990-களில் தென்மண்டல மின்கட்டமைப்பின் அலைவெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற எண், 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய இடத்தில் 48 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிக் கிடக்கும். ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு மேலே இழுத்துக்கொள்ளும். கூடுதலாக இழுத்ததற்கு உடனடியாகச் செலவு எதுவும் கிடையாது. தலைமடைக்காரர் மடையை விருப்பத்துக்குத் திறந்துகொண்டால் கடைமடைக்கு என்ன கிடைக்குமோ அதுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அதை மாற்றியது புதிய கம்பி அல்ல. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. நாளைப் பதினைந்து நிமிடக் கூறுகளாக, அதாவது 96 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் யார் எவ்வளவு எடுப்பதாக முன்கூட்டிச் சொன்னார், உண்மையில் எவ்வளவு எடுத்தார் என்று பார்த்து, விலகலுக்கு விலை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2003 ஜனவரியில் அது தென்மண்டலத்தில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த வித்தியாசம் சில வாரங்களிலேயே கண்ணில் தெரிந்தது. சிறப்பு மீட்டர், ஒரே கணக்கு முறை, எல்லோரும் ஒப்புக்கொண்ட கடிகாரம் ஆகிய மூன்றும் வந்தவுடன், அதுவரை தொலைபேசியில் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம் தானாக நடந்தது. இந்த ஒழுங்கெல்லாம் வந்த பிறகுதான் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மற்றக் கட்டமைப்போடு ஒத்தியங்கத் தொடங்கியது.

ஆணையங்களின் ஒத்துழைப்பு என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். இரண்டு மாநிலத்துக்கு நடுவே தேவைப்பட்டது, இரண்டு நாட்டுக்கு நடுவே இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஏனென்றால் அங்கே இரண்டு பேருக்கும் மேலே ஆணையிடுவதற்கு ஒருவர் இல்லை.

பாளை சட்ட மாணவி, சனிக்கிழமை பிற்பகல் 2.05

பொறியாளர் ஐயா கடைசியில் சொன்ன வரியிலிருந்து தொடர்கிறேன். மேலே ஒருவர் இல்லாத இடத்தில் ஒத்துழைப்பு எந்த வடிவங்களில் நடக்கிறது என்பது பற்றித்தான் இந்தப் பருவத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டமைப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை சங்கங்கள். அமெரிக்க மாநில ஆணையங்கள் 1889-இலேயே தேசியச் சங்கம் அமைத்துக்கொண்டன. ஐரோப்பிய ஆணையங்களின் பேரவை 2000-இல் வந்தது. கிழக்கு ஐரோப்பாவிலும் முன்னாள் சோவியத் நாடுகளிலும் புதிதாகத் தோன்றிய ஆணையங்களுக்காக புடாபெஸ்டில் ஒரு வட்டாரச் சங்கம் இயங்குகிறது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு 2007 முதல் ஒன்று உண்டு. இந்த வட்டாரச் சங்கங்களை எல்லாம் சேர்க்கும் பன்னாட்டு ஆற்றல் ஒழுங்குமுறையாளர் கூட்டமைப்பு 2009 அக்டோபரில் ஏதென்ஸில் நடந்த நான்காவது உலக மாநாட்டில் உருவானது. நம் பக்கத்தில், தெற்காசிய உள்கட்டமைப்பு ஒழுங்குமுறை மன்றம் 1999-இலிருந்து பயிற்சி வகுப்புகளையும் கருத்துப் பரிமாற்றங்களையும் நடத்தி வருகிறது. இவை எதற்கும் யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. ஆனால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பியப் பேரவை 2001-இலிருந்து நாட்டுக்கு நாடு மின்தடை நேரத்தை ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லாமல் போனது என்பதை எல்லோரும் ஒரே முறையில் எண்ண வேண்டும் என்ற நெருக்கடி அதனால் உண்டானது. களக்காட்டு அண்ணாச்சி கேட்டாரே, அதற்கு இது ஒரு பகுதி விடை. தமிழ்நாட்டு ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டுச் செயல்தர விதிமுறைகளும் இதே போன்றவைதான்: மின்தடையை எத்தனை மணிநேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு என்ன என்பதெல்லாம் அவற்றில் எழுத்திலேயே இருக்கின்றன.

இரண்டாவது வகை, சட்ட அதிகாரம் உள்ள அமைப்பு. ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் 2011 மார்ச்சில் செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய ஆற்றல் ஒழுங்குமுறையாளர் ஒத்துழைப்பு முகமை அத்தகையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மின்சார, எரிவாயு மொத்தச் சந்தையில் உள்தகவலை வைத்து வணிகம் செய்வதையும் விலையைத் திரிப்பதையும் தடைசெய்கிறது. 2015 அக்டோபரிலிருந்து மொத்தச் சந்தை வணிகங்களின் விவரம் அந்த முகமைக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு நாட்டில் எரிவாயுவை வாங்கி, இன்னொரு நாட்டில் மின்சாரமாக விற்று, மூன்றாவது நாட்டில் விலையை ஏற்றுகிறவரை ஒரு நாட்டு ஆணையம் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கும் வேலையை முகமை ஒருங்கிணைக்கிறது. தண்டனை விதிப்பதை அந்தந்த நாட்டு ஆணையம் செய்கிறது.

கணக்கு ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2018-ஐ விடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான தகராறில், கொசோவோவில் குறைந்துபோன உற்பத்தியை யார் ஈடுசெய்வது என்பது முடிவாகவில்லை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை 113 கிகாவாட் மணி, அதாவது நம் கணக்கில் 11.3 கோடி யூனிட், பற்றாக்குறையாயிற்று. ஸ்பெயினிலிருந்து துருக்கி வரை 25 நாடுகளில், மின்கட்டமைப்பின் அலைவெண்ணைப் பார்த்து ஓடும் கடிகாரங்கள் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டன. அடுப்பிலும் படுக்கையறையிலும் இருந்த கடிகாரங்கள் அவை. பால்கனில் எழுதப்படாமல் விட்ட ஒரு கணக்கு, பாரிசில் ஒருவர் வேலைக்குத் தாமதமாகப் போகும் அளவுக்கு நீண்டது.

களக்காடு வாழைத்தோட்டம், சனிக்கிழமை மாலை 5.50

செயல்தர விதிமுறை விவரத்துக்கு நன்றி, தங்கச்சி. அதை நான் தேடிப் படிக்கிறேன். ஆனால் ஒரு கவலை. வெளிநாட்டு அளவில் தைத்த சட்டையை நமக்குப் போட்டுவிட்டு, உடம்பு சரியில்லை என்று நம்மையே குறைசொன்ன கதைகள் உண்டு. ஒத்துழைப்பு என்ற பெயரில் அது மறுபடியும் நடக்காதா?

பெருமாள்புரம் ஓய்வுப் பொறியாளர், சனிக்கிழமை இரவு 8.30

நடந்திருக்கிறது. ஒடிசாவைச் சொல்கிறேன். இந்தியாவில் முதன்முதலாக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது அங்கேதான், 1996-இல். உலக வங்கியின் கடனும் பிரிட்டன் நாட்டு ஆலோசகர்களின் அனுபவமும் அதன் பின்னால் இருந்தன. விநியோகத்தை நான்கு நிறுவனங்களாகப் பிரித்து 1999-இல் தனியாரிடம் கொடுத்தார்கள். அதே ஆண்டு பெரும்புயல் வந்தது. ஒரு பகுதியை எடுத்திருந்த அமெரிக்க நிறுவனம் 2001-இலேயே வெளியேறியது. மற்ற மூன்று உரிமங்களும் 2015-இல் ரத்தாயின.

காரணம் பலவாறு சொல்வார்கள். பிரிட்டனைப் பார்த்ததே தவறு என்பவர்களோடு நான் முழுக்க உடன்படவில்லை. தொடங்கும்போது விநியோக இழப்பு எவ்வளவு என்பதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. காகிதத்தில் இருந்த இழப்பு ஒன்று. மீட்டர் வைத்துப் பார்த்தபோது வெளிப்பட்டது அதைவிடப் பெரியது. அந்தப் பிழையான எண்ணின் மேல்தான் கட்டணம், முதலீடு, சொத்து மதிப்பு எல்லாவற்றையும் கட்டினார்கள். பிரிட்டனில் வீட்டுக்கு வீடு மீட்டர் இருந்தது, ஆகவே அவர்களுடைய விலைச் சூத்திரத்துக்குக் காலூன்ற இடம் இருந்தது. இங்கே அது இல்லை. களக்காட்டுத் தம்பி, உங்கள் பம்புசெட்டுக்கு மீட்டர் உண்டா? பெரும்பாலான பம்புசெட்டுகளுக்குக் கிடையாது. குதிரைத்திறனை வைத்து மதிப்பிடுகிறார்கள். இலவச மின்சாரம் தொடர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எவ்வளவு போகிறது என்று அளக்காமலிருப்பது உங்களுக்குத்தான் நட்டம். அழுத்தம் குறைவு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதை நிரூபிக்கும் எண் உங்களிடம் இருக்காது.

வெளிநாட்டு ஆணையத்திடமிருந்து சூத்திரத்தை வாங்கக் கூடாது, அளக்கும் பழக்கத்தை வாங்கலாம் என்பது என் கருத்து.

கோவில்பட்டி நூற்பாலைக் கணக்கர், ஞாயிற்றுக்கிழமை காலை 9.10

இரவெல்லாம் இந்த இழையைப் படித்தேன். எங்கள் ஆலைக்குச் சொந்தமாகக் காற்றாலைகள் உண்டு. சீசனில் மிச்சமாகும் யூனிட்டுகளைப் பேங்கிங் முறையில் மின்வாரியத்திடம் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்கிறோம். போதாத நேரத்துக்கு மின்சந்தையிலும் வாங்குகிறோம். அதனால் விலை என்பது எனக்கு அன்றாடச் சோறு.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். உக்ரைன் போருக்குப் பின் உலகமெங்கும் எரிவாயு விலையும் நிலக்கரி விலையும் ஏறின. நம் மின்சந்தையில் யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. மத்திய ஆணையம் ஏப்ரலில் 12 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. ஐரோப்பாவில் அதே ஆண்டு அதே நெருப்புக்கு வேறு தண்ணீர் ஊற்றினார்கள். சந்தையின் உச்சவரம்பைக் குறைக்காமல், மே மாதத்தில் ஒரு மெகாவாட் மணிக்கு 3,000 யூரோவிலிருந்து 4,000 யூரோவாக உயர்த்தினார்கள். பிறகு, காற்றாலை, சூரிய ஒளி, அணுமின் நிலையம் போன்று எரிவாயு தேவைப்படாத உற்பத்தியாளர்களின் வருமானத்துக்கு ஒரு மெகாவாட் மணிக்கு 180 யூரோ என்று, அதாவது யூனிட்டுக்கு ஏறக்குறைய 15 ரூபாய் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் வந்ததை அரசுகள் எடுத்து நுகர்வோருக்குக் கொடுத்தன. இரண்டில் எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி வேறு வேறு மருந்து எடுக்கும் இரண்டு சந்தைகளைக் கம்பியால் கட்டினால், விலை குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு மின்சாரம் ஓடிவிடும். நம் ஆணையம் நமக்காக வைத்த வரம்பு, அக்கரையில் இருக்கிறவருக்கு மலிவு விலைக் கடையாகும். இதைப் பற்றி முன்கூட்டியே இரண்டு ஆணையங்களும் பேசியிருக்க வேண்டும்.

நேபாளத்தைப் பார்த்தால் பாதி வழி வந்திருக்கிறோம் என்று தெரிகிறது. எல்லை தாண்டிய மின்வணிகத்துக்கு மத்திய ஆணையம் 2019-இல் விதிமுறைகள் வெளியிட்டது. நேபாளம் 2021-இல் நம் மின்சந்தையில் வாங்கவும், அதே ஆண்டு நவம்பரில் 39 மெகாவாட் விற்கவும் தொடங்கியது. 2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் ஆகிய மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, மழைக்கால ஐந்து மாதங்களில் 40 மெகாவாட் நேபாளத்திலிருந்து நம் கம்பி வழியாக வங்கதேசத்துக்குப் போக வேண்டும். விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். அளவெடுக்கும் இடம் பீகாரின் முசாபர்பூர். 40 மெகாவாட் என்பது நம் சீமையில் ஒரு காற்றாலைத் தொகுப்பின் அளவு. அதற்கு மூன்று நாடுகள் ஆண்டுக்கணக்கில் பேச வேண்டியிருந்தது.

ஒரு சிறு சங்கதி. நேபாளத்துக் கடிகாரம் நம்முடையதைவிடப் பதினைந்து நிமிடம் முந்தியது. வங்கதேசத்துக் கடிகாரம் முப்பது நிமிடம். ஐயா சொன்ன 96 கூறுகளில் அது சரியாக ஒரு கூறும் இரண்டு கூறும் ஆகிறது. இலங்கைக்கும் நமக்கும் நேர வித்தியாசமே இல்லை. ஐரோப்பாவும் ஒருமணிநேரக் கணக்கை விட்டுவிட்டு 2025 அக்டோபர் முதல் நாளைய மின்சாரத்தை இன்றே வாங்கி விற்கும் தன் மறுநாள் சந்தையைப் பதினைந்து நிமிடத்துக்கு மாற்றிக்கொண்டது. கணக்கெழுதுகிற எனக்கு இதையெல்லாம் படிக்கும்போது ஒரு நிறைவு உண்டாகிறது.

தூத்துக்குடித் துறைமுகத்தான், ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11.30

இழையின் தலைப்பில் எரிவாயு என்றும் இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லை. ராமநாதபுரம் – தூத்துக்குடி எரிவாயுக் குழாய், 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய்க் கட்டணத்தைத் தீர்மானிப்பது டெல்லியிலுள்ள பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2023 ஏப்ரல் முதல் தேசியக் குழாய்த் தொகுப்புக்கு ஒருங்கிணைந்த கட்டணம் கொண்டுவந்ததும் அந்த வாரியம்தான். மின்சாரத்துக்கு வேறு ஆணையங்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இரண்டையும் ஒரே ஆணையம் பார்க்கிறது. பிரிட்டனிலும் முதலில் தனித்தனியாக இருந்து, 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஒன்றாயின. எரிவாயு விலைதான் மின்சார விலையைத் தூக்குகிறது என்று 2022-இல் பார்த்தபின், பக்கத்து நாட்டு ஆணையத்தோடு பேசுமுன் நம் நாட்டிலேயே இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வாசல் வைக்க வேண்டாமா?

பாளை சட்ட மாணவி, ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12.10

நம் நாட்டில் எரிவாயுவிலிருந்து வரும் மின்சாரம் மிகக் குறைந்த பங்கு என்பதால் அந்த நெருக்கடி இன்னும் தெரியவில்லை, அண்ணா. ஆனாலும் நீங்கள் சொல்வது சரி. என் கட்டுரையில் இதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

புறக்கோட்டைக் கடை, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.45

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பூர்வீகம் ஏர்வாடிப் பக்கம். தாத்தா தூத்துக்குடியில் கப்பல் ஏறி இங்கே வந்து கடை வைத்தவர். அக்கரையில் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எல்லோரும் ஊகித்து எழுதுகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

2022 மார்ச் இறுதியில் இங்கே ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. அந்நியச் செலாவணி இல்லாததால் எரிபொருள் கப்பலை இறக்க முடியவில்லை. பிறகு ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பிப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம். அந்த இரண்டாவது உயர்வை எங்கள் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவரே எதிர்த்தார். அவர் அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத் தீர்மானத்தின் மூலம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பக்கம் நியாயமா அரசின் பக்கம் நியாயமா என்பதில் இங்கே இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் என்னைப் போன்ற கடைக்காரனுக்கு அதிலிருந்து புரிந்தது, ஆணைக்குழுவோடு செய்துகொள்ளும் எந்த ஏற்பாடும் அதன் தலைவரின் நாற்காலியைப் பொறுத்து மாறிவிடக் கூடாது என்பதுதான். நாளைக்கு உங்கள் ஆணையமும் எங்கள் ஆணைக்குழுவும் ஒரு கணக்கு முறைக்கு ஒப்புக்கொண்டால், அது இரண்டு பக்கமும் விதிமுறையாக வெளியாகி, மக்கள் படிக்கும்படி இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி, நாடு முழுவதும் இருட்டாகிவிட்டது. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரம் அதிகம், கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் கனமான இயந்திரங்கள் குறைவு. சின்னத் தீவின் மின்கட்டமைப்பு அப்படித்தான். அதனால் உங்கள் கம்பி எங்களுக்குத் தேவை. அதே சமயம், பெரிய அண்ணன் வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பவனுக்கு உள்ள அச்சமும் எங்களுக்கு உண்டு. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பெருமாள்புரம் ஓய்வுப் பொறியாளர், ஞாயிற்றுக்கிழமை இரவு 7.20

கொழும்புத் தம்பி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. அச்சத்தில் ஒரு பகுதியையாவது பொறியியல் குறைக்கும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது, அன்றைக்கு இரண்டையும் இணைத்தது நேர்மின் கம்பிகள் மட்டுமே என்பதால். நேர்மின் இணைப்பில் ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கத்தை இழுத்து விழ வைக்காது. இலங்கைக் கம்பியும் அந்த வகைதான். புகளூர் – திருச்சூர் இணைப்பில் இந்தத் தொழில்நுட்பத்தின் புதிய வடிவம் 2021-இலிருந்தே ஓடுகிறது. இரண்டு திசையிலும் மின்சாரம் போகும்.

ஆனால் வள்ளியூர் தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீசனில் நின்றுபோகும் உங்கள் காற்றாலை இந்தக் கம்பியால் தானாகச் சுற்றும் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று நமக்கு வீசும்போதே மன்னாரிலும் வீசுகிறது. அங்கே நூறு மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அவர்களுடைய மலையக நீர்த்தேக்கங்களிலும் அதே பருவத்தில் தண்ணீர் வரும். நமக்கு மிச்சமாகும் நேரத்தில் அவர்களுக்கும் மிச்சமாகலாம். கடிகாரமும் ஒன்று என்பதால் மாலை உச்சநேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பியின் பயன், நாள் முழுக்க ஒரு பக்கம் கொட்டுவதில் இல்லை. கூறுக்குக் கூறு மாறும் தேவையைக் கொடுத்தும் வாங்கியும் சமன் செய்வதில் இருக்கிறது. அப்படியானால் ஒரே தட்டையான விலைக்கு இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டால் இரண்டு பக்கமும் நட்டப்படும். நேரத்துக்கேற்ற விலை வேண்டும், அதை இரண்டு ஆணையங்களும் சேர்ந்துதான் எழுத முடியும்.

வள்ளியூரான், ஞாயிற்றுக்கிழமை இரவு 9.40

ஐயா, நான் அந்தக் கனவில்தான் இழையைத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மன்னாரிலும் அதே காற்று என்பது எனக்கு உறைக்கவில்லை.

கட்டண மனுக்கள் மீது பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பிறகே ஆணையம் முடிவெடுக்க வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. 2022-இல் கட்டண மனுவுக்காக மதுரையில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் பேருந்து ஏறிப் போயிருந்தேன். எல்லை தாண்டிய கம்பி மத்திய ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது என்றாலும், அது வந்து இறங்குவது நம் மாநிலத்தில். இங்கே காற்றாலையை நிறுத்துவதும் ஓட்டுவதும் மாநிலக் கட்டமைப்பு. ஆகவே மாநில ஆணையமும் இந்தப் பேச்சில் உட்கார வேண்டும் என்று மனு எழுத நினைக்கிறேன்.

இந்த இழையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இவை. அளவெடுக்கும் இடத்தையும் மீட்டரின் தரத்தையும் கம்பி இழுக்குமுன்னே இரு நாட்டு ஆணையங்களும் சேர்ந்து அறிவிக்க வேண்டும். பதினைந்து நிமிடக் கணக்கு இரண்டு கரையிலும் ஒரே வடிவில் அன்றன்றே வெளியாக வேண்டும். விலகலுக்குத் தண்டம் எந்த நாணயத்தில், யாருக்கு என்பது எழுதப்பட வேண்டும். ஏற்றுமதி நடக்கும் கூறில் இங்கே காற்றாலை நிறுத்தப்பட்டால் அதற்கான காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும். இங்கே விலை வரம்பு இருக்கும் நாளில் ஏற்றுமதி எந்த விலையில் என்பதைக் கணக்கர் அண்ணாச்சி ஒரு பத்தியாக எழுதித் தர வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ ஒன்று, அக்கரையில் ஒன்று, இரண்டும் தமிழிலும் நடக்க வேண்டும்.

களக்காடு வாழைத்தோட்டம், ஞாயிற்றுக்கிழமை இரவு 10.05

மனுவில் என் கையெழுத்தும் இருக்கட்டும், அண்ணாச்சி. பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் கிளைக்கம்பிகளில் (பீடர்களில்) அழுத்தத்தைப் பதியும் மீட்டர் வைத்து, கடலைத் தாண்டிப் போகும் யூனிட்டுக்குக் கணக்கு வெளியிடுவதைப் போலவே அதையும் வெளியிட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பெருமாள்புரம் ஐயா சொன்னது யோசிக்க வைத்தது. இலவசத்தில் கைவைக்க மாட்டோம் என்ற உறுதியையும் அதே வரியில் கேளுங்கள்.

புறக்கோட்டைக் கடை, திங்கட்கிழமை காலை 6.15

எங்கள் ஆணைக்குழு சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு வெளியிடுகிறது. அதனால் தமிழில் கூட்டம் கேட்பதில் இங்கே தடையிருக்காது. ஆனால் ஒன்று. நீங்கள் ஆணையம் என்பதை நாங்கள் ஆணைக்குழு என்போம். உங்கள் மின்வாரியம் எங்களுக்கு மின்சார சபை. நீங்கள் யூனிட் என்பீர்கள், எங்கள் பட்டியலில் அலகு என்று இருக்கும். உங்கள் மின்வெட்டு இங்கே மின்துண்டிப்பு. மனு இரண்டு கரையிலும் போக வேண்டுமானால் கடைசியில் ஒரு சொற்பட்டியல் வையுங்கள்.

பாளை சட்ட மாணவி, திங்கட்கிழமை காலை 8.50

சொற்பட்டியலை நான் தயாரிக்கிறேன், அண்ணா. கல்லூரி முடிந்து வந்து, மாலைக்குள் முதல் வடிவத்தை இங்கேயே பதிகிறேன். விலகல் கட்டணம், அளவீட்டு முனை, உச்சநேரம், திறந்த அணுகல் (அடுத்தவர் கம்பி வழியாக மின்சாரம் கொண்டுபோகும் உரிமை) ஆகிய நான்குக்கும் உங்கள் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று அதற்குள் எழுதுங்கள்.